முதுமைக்கால ஜீவனத்துக்குச் சேமிப்பு

அரசாங்க உத்தியோகஸ்தருக்குத் தாம் ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். நெசவாளருக்கும் குடியானவருக்கும் அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படாதபோதும், குழித்தறியில் மிதிக்க முழங்கால் மறுக்கும்போதும், சேற்றில் இறங்க உடல் இடங்கொடாதபோதும் வேலை தானாகவே நின்றுவிடுகிறது. கூலியும் அன்றே நின்றுவிடும்; அரிசியும் மருந்தும் வாங்காதிருக்க முடியாது. ஆகவே அக்காலத்துக்கு வேண்டிய முதலை உழைக்கும் காலத்திலேயே ஒதுக்கிவைக்கும் வழிகளை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

"மிச்சப்பட்டால் சேமிப்போம்" என்பது பலருடைய எண்ணம். மிச்சம் தானாக ஏற்படுவதில்லை. மழை வருமுன் கரையைப் பலப்படுத்திய ஊரில்தான் ஏரி நிரம்பும். அதுபோலவே கூலி கைக்கு வந்தவுடன் சேமிப்பை எடுத்துவைத்து, எஞ்சியதில் குடும்பம் நடத்துவதே முறை.

காலத்தே தொடங்குவதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயது வரையுள்ளவர்கள் வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேரலாம். 60 வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேருபவரோ 1,454 ரூபாய் கட்ட வேண்டும். முன்னவர் 42 ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை 1,05,840 ரூபாய். பின்னவர் 20 ஆண்டுகளில் கட்டுவது 3,48,960 ரூபாய். இருவருக்கும் கிடைப்பது ஒரே ஓய்வூதியம். இடையிலுள்ள வித்தியாசம் வட்டி செய்த வேலையாகும். சந்தாதாரர் காலமானால் அதே தொகை மனைவிக்கோ கணவருக்கோ தொடரும்.

இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ள விவசாயிகளுக்கு 2019இல் ஏற்பட்ட பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டத்தில், வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால், அதே அளவு தொகையை மத்திய அரசும் சேர்க்கிறது. 60 வயதுக்குப்பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். இதற்கும் சேரும் வயது 18 முதல் 40 வரையே. கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவர்களுக்கோ கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. கூலியில் பிடிக்கும் தொகையுடன் அரசும் தன் பங்கைச் செலுத்துகிறது. தம் கணக்கில் பிடித்தம் வரவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு நெசவாளரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனினும் ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஆண்டுக்கு 6 சதவீதம் விலைவாசி ஏறினால், ஏறக்குறைய 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். இன்றைய 5,000 ரூபாய் அன்றைக்கு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே பொது வருங்கால வைப்பு நிதியிலும் ஒரு கணக்கு வைப்பது நலம். தபால் நிலையத்தில் ஆண்டுக்கு 500 ரூபாய் செலுத்தினாலும் அது நடக்கும். 15 ஆண்டுகளில் முதிரும். நாற்பதைக் கடந்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. அறுபது நிரம்பியவர்கள், கையிலுள்ள தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி பெறலாம். நகையாக வாங்கும் பொன்னோ, விற்கும்போது செய்கூலியையும் சேதாரத்தையும் திருப்பித் தருவதில்லை.

அதிக வட்டி ஆசை காட்டுவோரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 1990களில் நிதி நிறுவனங்கள் பல மூடப்பட்டு வைப்பாளர்கள் தவித்ததனாலேயே 1997இல் தமிழ்நாட்டில் வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வழக்கு நடத்த உதவும். போன முதல் அவ்வளவும் திரும்பும் என்று எவரும் உறுதி கூறவியலாது. சீட்டுக் கட்டுவதாயின் பதிவு பெற்ற சீட்டுத்தானா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். கூட்டுறவு வங்கி உட்பட, காப்பீடு பெற்ற வங்கியில் ஒருவருடைய வைப்புக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்து வைப்புகளுக்கு அக்காப்பீடு கிடையாது. அங்கே அங்கத்தினரின் விழிப்பே பெரும் பாதுகாப்பு. மகாசபைக்குத் தவறாமல் சென்று, தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்பது நமது உரிமை. உத்திரமேரூரில் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் எழுதலாகாது என்று விதித்திருக்கிறது. அவருடைய உறவினர் பலரையும் விலக்கியிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரார் கேட்ட கணக்கை இன்று நாம் கேட்கக் கூசுவானேன்?

அங்கத்தினர்கள் இம்மாதமே செய்யத்தக்கவை மூன்று: அடுத்த கூலியிலிருந்து ஒரு சிறு தொகையைப் பிரித்து வைத்தல், கணக்குகள் யாவற்றிலும் வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்தல், கணக்குப் புத்தகங்கள் இருக்கும் இடத்தை இல்லத்தாருக்குத் தெரிவித்தல். தறியில் கை ஓடும்போதே இவற்றைச் செய்து முடிக்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.