கம்பியூட்டர் இயங்க மறுத்தால் முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

காலையில் கடையைத் திறந்து, பிஸ்மி சொல்லிக் கம்பியூட்டரைப் போடுகிறீர்கள். திரை கறுப்பாகவே இருக்கிறது. வாடிக்கையாளர் பில்லுக்காகக் காத்து நிற்கிறார். பதற்றத்தில் திருத்துபவரை அழைத்து, "எப்படியாவது ஓட வைத்துத் தாருங்கள்" என்கிறோம். அவரும் ஹார்ட் டிஸ்க்கை போர்மட் செய்து, வின்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்துவிடுகிறார். கம்பியூட்டர் ஓடுகிறது. யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற விபரம் மட்டும் இல்லை.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஸூரதுல் பகராவின் 282ஆவது வசனம் வலியுறுத்துகிறது. முன்பு கடன் கொப்பியில் இருந்த அந்த அமானிதம் இன்று பலரது கடைகளில் கம்பியூட்டருக்குள் இருக்கிறது. இயந்திரத்தை மீண்டும் வாங்கலாம். அழிந்த கணக்கை வாங்க முடியாது. ஆகவே பழுது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

1. வெளிச்சமே இல்லை

இது பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. யூ.பி.எஸ். பற்றரி சில வருடங்களில் பலவீனமடைந்துவிடும். எனவே கம்பியூட்டரைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். மின் வயரையும் பின்பக்கச் சுவிச்சையும் கவனியுங்கள். அப்படியும் இயங்காவிட்டால் பவர் சப்ளை பழுதாகியிருக்கலாம். அந்தப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

2. விசிறி சுற்றுகிறது, படம் இல்லை

மொனிட்டரின் சுவிச்சையும் வயரையும் பாருங்கள். 'பீப்' சத்தம் தொடர்ந்து வந்தால் பல வேளைகளில் ரெம் சரியாகப் பொருந்தாததே காரணம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ரெம்மைக் கழற்றி மீண்டும் இறுக்கமாகப் பொருத்தினால் சரியாகிவிடுவதுண்டு.

3. எழுத்துகள் வந்து நின்றுவிடுகிறது

பென் டிரைவ் ஏதும் செருகியிருந்தால் கழற்றிவிட்டு மீண்டும் போடுங்கள். திகதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரியை மாற்ற வேண்டும். இல்லையேல் உங்கள் பில்களிலும் பிழையான திகதியே விழும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது கணக்கை மீட்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும்.

4. வின்டோஸ் பாதியில் நிற்கிறது

வின்டோஸ் 10, 11 ஆகியவை தொடர்ந்து சில தடவை தொடங்கத் தவறினால், திருத்தும் பகுதியைத் தாமாகவே காட்டும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சேஃப் மோட்' ஆகியவற்றை முயன்று பாருங்கள். 'ரீசெட்' பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவை எடுத்தாலும், நீங்கள் நிறுவிய பில் மென்பொருள் அகற்றப்படும். அதன் கணக்குகளும் சேர்ந்து போய்விடலாம்.

திருத்தக் கொடுக்கும்போது, "கணக்கைப் பிரதி எடுக்காமல் போர்மட் செய்யக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் பழுதடையாதிருந்தால், அதை வேறொரு கம்பியூட்டரில் இணைத்துப் பிரதி எடுக்கலாம். சில கம்பியூட்டர்களில் இதற்கு 48 இலக்க பிட்லாக்கர் திறவு எண் தேவைப்படும். அதை இப்போதே தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் கடை மூடுமுன் கணக்கைப் பிரதி எடுங்கள். இரண்டு பென் டிரைவ்களை மாறி மாறிப் பயன்படுத்தி, ஒன்றை வீட்டில் வையுங்கள். கம்பியூட்டரிலேயே செருகி வைத்தால் வைரஸ் அதையும் கெடுத்துவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கம்பியூட்டரில் திறந்து பாருங்கள். திறக்க முடியாத பிரதி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதற்குப் பத்து நிமிடம் போதும். இன்ஷா அல்லாஹ், நாளை கம்பியூட்டர் இயங்க மறுத்தாலும் வியாபாரம் நிற்காது. பிறர் ஹக்கும் பாதுகாக்கப்படும்.