குடுவைக்குள் அடங்காத நித்தியகல்யாணி

சாணக்யபுரி வீட்டு முகப்புகளில் ஊதாவும் வெள்ளையுமாக வருஷம் முழுவதும் பூக்கும் சதாபஹார் செடியை டில்லித் தமிழர்கள் பார்க்காமல் இருக்க முடியாது. நம்மூர் நித்தியகல்யாணிதான் அது. சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு.

1950களில் கனடாவில் டாக்டர் ராபர்ட் நோபிள் இதன் இலையைச் சர்க்கரை வியாதிக்காகச் சோதித்தார். சர்க்கரை இறங்கவில்லை, ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அதிலிருந்து கிடைத்ததுதான் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின். அதன் உடன்பிறப்பு வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் தரப்படுகிறது. (சர்க்கரைக்கென்று இந்த இலையைக் காலையில் மெல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இலைக்குப் பதில் செடியின் செல்லையே குடுவையில் வளர்த்தால் என்ன?

திசு வளர்ப்புக் கலையில் டில்லிக்குப் பெரிய பெயர் உண்டு. 1964ல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பையைச் சத்துக் கூழில் வளர்த்து, மகரந்தத்திலிருந்தே நாற்று வரவழைத்தார்கள். அது புதுப் பயிர் ரகங்களுக்கு வழி திறந்தது. மருந்துக்கும் இதே முறை பலித்தது. ஜப்பானில் 1983ல் ஷிகோனின் என்ற சிவப்புப் பொருள் செல் வளர்ப்பிலிருந்தே விற்பனைக்கு வந்தது. யூ மரப்பட்டையில் கிடைத்த டாக்ஸால் மருந்தை இப்போது பெருந்தொட்டிகளில் வளரும் செல்கள் தருகின்றன.

நித்தியகல்யாணி மட்டும் மசியவில்லை. வின்பிளாஸ்டின் இரண்டு பொருள்கள் சேர்ந்து உண்டாவது. அதில் ஒன்றான விண்டோலின், இலையின் தனிவகைச் செல்களில்தான் முழுமையாக உருவாகும். குடுவையில் கட்டியாக வளரும் செல்லுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. மண் பாக்டீரியா ஒன்றை ஏற்றி, மயிர்போல் மளமளவென்று பெருகும் வேர்களை வளர்த்தார்கள். ரத்த ஓட்டத்துக்கான அஜ்மலிசின் அதில் கிடைத்தது. விண்டோலின் கைக்கு வரவில்லை.

2022ல் டென்மார்க், அமெரிக்க விஞ்ஞானிகள் செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டில் புகுத்தி அந்த இரண்டு பொருள்களையும் எடுத்தார்கள். பிறகு ரசாயன முறையில் இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள். கிடைத்த அளவு மிகச் சொற்பம்.

அது பெருகி மலிவானால் நோயாளிக்கு லாபம். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரியில் நித்தியகல்யாணி போட்டு, இலையையும் வேரையும் காயவைத்து மூட்டைக் கணக்கில் விற்கும் சம்சாரிக்கு அது வேறு கணக்கு. அவர் வயலில் வேறெதுவும் சுலபமாக விளைவதில்லை.