மூச்சிரைப்பும் மனபயமும்



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் நடைபெறும் நமது நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு, பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மாரும், பீடி புகைத்தவர்களும், காசநோய் குணமான பின்னும் நுரையீரல் பழுதோடு வாழ்பவர்களும் வருகிறார்கள். இவர்களில் அநேகர் மூச்சிரைப்போடு பயத்தையும் மனச்சோர்வையும் சுமக்கிறார்கள்.

பயந்தால் மூச்சு வேகமாகிறது. சுருங்கிய மூச்சுக்குழல்கள் வழியே உள்ளிருக்கும் காற்று வெளியேறுமுன் அடுத்த மூச்சை இழுப்பதால், காற்று நுரையீரலில் தேங்கி இரைப்பு கூடுகிறது; அதனால் பயமும் கூடுகிறது. நடக்கவும் ஆலயத்துக்கு வரவும் அஞ்சி முடங்குகிறவர்களின் தசைகள் பலமிழந்து, சிறு வேலைக்கும் மூச்சு வாங்குகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. இரண்டு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெதுவாய் விடக் கற்றுக்கொடுக்கிறோம். மேற்பார்வையோடு சில வாரங்கள் செய்யும் நடைப்பயிற்சி சரீரத்தோடு மனதையும் தேற்றுகிறது. தேவையானால் ஆலோசனையும் மருந்தும் உண்டு. தூக்க மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. அவற்றில் சில மூச்சையே மந்தப்படுத்தும்.

இவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று எண்ணாதிருங்கள். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவன் முதலில் அளித்தது உறக்கமும் உணவுமே. உங்கள் சபையில் வராமல் நின்றுபோனவரைச் சந்தியுங்கள். அவரோடு மெதுவாய் நடங்கள். சாவே நலம் என்று அவர் பேசினால், தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவ ஊழியர்கள்