பயிர்ச்செய்கைக் கூட்டமும் ஊரின் செழிப்பும்

குளத்து நீர் ஊரின் பொது முதல். அதனை அளவறிந்து செலவிடின் கமக்காரர் மட்டுமன்றி, உழவியந்திரம் வைத்திருப்போர், அரிசி ஆலைக்காரர், கடைக்காரர், கூலியாளர் யாவரும் பயனடைவர். இதன்பொருட்டே பெரிய குளங்களின்கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் அரசாங்க அதிபர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூட்டப்படுகின்றது.

குளத்திலுள்ள நீரின் அளவை நீர்ப்பாசன உத்தியோகத்தர் அறிவிப்பர். அதற்கேற்ப விதைக்கும் ஏக்கர் அளவும், துருசு திறக்கும் நாளும், விதைப்பின் கடைசி நாளும், நெல்லினத்தின் வயதும் முடிவாகும். சிறுபோகத்தில் நீர் குறைந்தால் நெல் விதைக்கும் பரப்பைச் சுருக்கிக் கமக்காரரிடையே பங்கிடுவர்; நீர் குறைவாக வேண்டும் பயறு, உழுந்து, கௌபி முதலியவற்றையும் பயிரிடலாம். இதற்கான ஆலோசனையை விவசாயப் போதனாசிரியர் அளிப்பர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் விவசாய விரிவாக்கம் மாகாண சபைகளுக்கும் உரிய பணியாயிற்று.

முடிவை மீறிச் சிலர் கூடுதலாக விதைப்பின், கதிர் பால்பிடிக்கும் வேளையில் நீர் போதாது எல்லார் வயலும் வாடும். பட்ட கடனும் தீராது. பிந்தி விதைத்த வயல் பூச்சிகளுக்குத் தொடர்ந்து இரையளிக்கும். ஆதலின் கூட்டத்துக்குச் செல்லுதல், குறையை அங்கேயே எடுத்துரைத்தல், எடுத்த முடிவைக் காத்தல் ஆகிய மூன்றும் கமக்காரரின் கடமையாகும். துருசு திறக்கும் நாளுக்கு முன்னரே வாய்க்காலைத் துப்புரவாக்கி வைத்தலும் அவர்தம் பொறுப்பாகும்.