ஒரு கரும்புக்குப் பின்னால் எத்தனை பேர்?

கரும்பு எல்லா ஊரிலும் பூக்காது. பூத்தாலும் பல இடங்களில் விதை பிடிக்காது. கரணை வெட்டி நடும் விவசாயிக்கு இதனால் நஷ்டமில்லை. புது ரகம் உண்டாக்க நினைப்பவருக்கோ பூ இல்லாமல் வேலையே ஓடாது. கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூத்து விதை வைக்கும். 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அங்கே அமைந்ததற்கு அது முக்கியக் காரணம். அந்நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பை ஆற்றோர நாணலோடு கலந்தார்கள். இனிப்பு ஒன்றிடமிருந்து, தாக்குப்பிடிக்கும் திறன் இன்னொன்றிடமிருந்து. அப்படி 1918இல் வந்த கோ 205 ரகம் பஞ்சாப் வரை போனது.

பிளஸ் டூ முடித்துவிட்டுத் தாவரவியல் படிக்கலாமா என்று தயங்கும் மாணவர்கள் இந்தக் கரும்பைப் பின்தொடர்ந்தால் போதும். வேலைகள் வரிசையாகத் தட்டுப்படும்.

முதலில், கலப்பு செய்பவர். அடுத்தவர், பிறந்த செடிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பவர். இனிப்புக் கரும்பில் குரோமோசோம்கள் 80. நாணலில் 40 முதல் 128 வரை, இடத்துக்கு இடம் மாறும். இவை கலந்தால் கணக்கு எவ்வளவு குழம்பும்! அந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்க 1934இல் கோவைக்கு வந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடு மட்டுமல்ல, மூங்கிலோடும் கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்து சென்று, 1945இல் மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். பின்னர் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

ரகம் வெற்றி பெற்றுவிட்டால் வேலை முடிந்ததா? கோ 0238 உத்தரப் பிரதேசத்து வயல்களையெல்லாம் நிரப்பியது. ஒரே ரகம் அத்தனை பரப்பில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்; செவ்வழுகல் நோய் புகுந்தது. இங்கே நோயியல் படித்தவர் வேண்டும். நோயில்லாத நாற்று வேண்டுமென்றால், தண்டின் நுனியிலிருந்து செடி வளர்க்கத் தெரிந்த திசு வளர்ப்பு ஆய்வகம் வேண்டும். வாழை விவசாயிகள் வாங்கும் ஜி-9 கன்றுகள் இப்படி வருபவைதான். இந்த ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது; கை பழகியவர்களுக்கு மதிப்பு உண்டு.

கரும்பை விட்டு வெளியே வந்தால் மருந்துக் கடை. அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை கலந்து வருவது பழைய சங்கதி. பொடியாக்கிய பின் கண்ணால் பார்த்தால் தெரியாது. நுண்ணோக்கியில் செல்களின் அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். சித்த, ஆயுர்வேத மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இப்படிப்பட்ட கண் தேவை.

சேரும் முன் ஒரு கண்டிப்பான விஷயம். மூன்றாண்டு இளநிலைத் தாவரவியலும் நான்காண்டு இளநிலை வேளாண்மையும் ஒன்றல்ல. தமிழக அரசின் வேளாண்மை அலுவலர் பணிக்கு வேளாண்மைப் பட்டம் கேட்பார்கள். தாவரவியலைக் காட்டி அங்கே நுழைய முடியாது. இந்திய வனப் பணித் தேர்வு எழுதத் தாவரவியல் பட்டம் போதும். கல்லூரி ஆசிரியராக விரும்பினால் முதுநிலையும் உயிர் அறிவியலில் நெட் தேர்வும் ஒரு வழி. பள்ளி ஆசிரியராக பி.எட். வேண்டும்.

எல்லோரும் உயிர்த்தொழில்நுட்பம் நோக்கி ஓடும்போது, காட்டில் ஒரு செடியைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். அணையோ சுரங்கமோ வரும் இடத்தில் என்ன அழியப்போகிறது என்று கணக்கெடுக்க அவர்கள்தான் வேண்டும். என் கணிப்பில், அடுத்த பத்தாண்டில் அதிகம் தேடப்படப்போகிறவர்கள் இவர்களே. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள்; உலர்தாவரத் தொகுப்பு (காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்தது) இருக்கிறதா, அதில் புதிய தாள்கள் சேர்கின்றனவா என்று கேளுங்கள். உதாரணமாக, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் 1967இல் கே.எம்.மேத்யூ பாதிரியார் தொடங்கியது. தமிழகத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் தொகுதிகள் அங்கிருந்துதான் வந்தன.