பாறு கழுகுகளின் மீட்சி

அழிவின் விளிம்புக்குச் சென்ற ஓர் உயிரினத்தை மனித முயற்சியால் மீட்க இயலுமா? சங்க இலக்கியம் 'பாறு' எனச் சுட்டும் பிணந்தின்னிக் கழுகு, ஒருகாலத்தில் இந்திய வானில் எளிதாகக் காணப்பட்டது. 1990களில் தொடங்கிய சரிவில், பதினைந்து ஆண்டுகளுக்குள் வெண்முதுகுப் பாறுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை மறைந்தன. கால்நடைகளின் வலிநீக்கியான டைக்ளோஃபினாக்கே காரணம் என 2004இல் தெளிவாயிற்று. அம்மருந்து செலுத்தப்பட்டுச் சில நாள்களில் இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன.

2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் மாற்றாகக் கிடைத்தது; மாட்டின் நோவைப் போக்க வழியின்றி உழவர் தவிக்கவில்லை. தடை ஓரளவேனும் நிலைபெற்றது இதனாலேயே. எனினும், மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டிலை எட்டின. 2015இல் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகச் சுருக்கப்பட்டது. அதே தீங்கை விளைவித்த கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவை 2023இல்தான் தடைசெய்யப்பட்டன.

சரிவின் வேகம் தணிந்துள்ளது. ஆனால், பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு இனப்பெருக்கப் பருவம் எய்த ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகும். நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மத்தி மரங்களில் அவை இன்றும் கூடு கட்டுகின்றன.