சாலை போட்ட கவிஞர்

போர்க்கவிதை என்றவுடன் வீரமுழக்கத்தையே நாம் எதிர்பார்க்கிறோம். அயர்லாந்துக் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜின் பாடல்களிலோ பீரங்கி ஓசை அரிது. மீத் மாவட்டத்து ஸ்லேன் கிராமத்தின் வயல்வெளியும், பாய்ன் ஆறும், கரும்பறவையின் பாட்டுமே நிறைந்துள்ளன.

ஏழைக் கைம்பெண்ணின் மகனாகிய அவர் ஊரில் சாலைப்பணி செய்தவர். 1914-இல் பிரித்தானியப் படையில் சேர்ந்து, கலிப்பொலியிலும் செர்பியாவிலும் துன்புற்றார். வீட்டை எண்ணி ஏங்குதல் கோழைத்தனம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு எண்ணோம்.

1917 ஜூலை 31 காலையில் அவர் திருப்பலி கண்டு நற்கருணை உட்கொண்டார். அன்றே பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே, படைக்காகச் சாலை அமைக்கையில் (ஊரில் பழகிய அதே வேலை!) குண்டுக்கு இரையானார். வயது 29. அன்னையின் வீடு இன்று ஸ்லேனில் நினைவகமாக நிற்கிறது. மகனோ பெல்ஜிய மண்ணில் துயில்கிறார்.